மாவுலி என்ற சொல்லும் ஒரு சண்டைப் படமும்

2014 ஜூலை 11 அன்று வெளியாகிப் பெருவெற்றி பெற்ற ‘லய் பாரி’, மராத்தி சினிமாவுக்குத் தன்னம்பிக்கை தந்த படங்களுள் ஒன்று எனலாம். ‘லய்’ என்பது மகாராஷ்டிர நாட்டுப்புறப் பேச்சில் ‘ரொம்ப’ என்று பொருள்படும். ஏட்டு மராத்தி ஒதுக்கி வைக்கும் அந்தச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்தார்கள். ஹிந்திப் படங்களில் பெயர் வாங்கிய ரிதேஷ் தேஷ்முக், தாய்மொழிப் படத்தில் கதாநாயகனாக நடித்தது இதுவே முதல் முறை.

கதை நமக்குப் பழகியதுதான். பிள்ளையில்லாத தாய், முதல் பிள்ளையை உனக்கே தருகிறேன் என்று விட்டலனிடம் நேர்ந்துகொள்கிறாள். இரட்டையர் பிறக்கிறார்கள். ஒருவன் செல்வத்தில் வளர, மற்றவன் பண்டரிபுரத்தில் ‘மாவுலி’யாக வளர்கிறான். முதலாமவன் கொல்லப்பட்டதும் மாவுலி அவனிடத்துக்கு வந்து கணக்குத் தீர்க்கிறான். 1965-இல் ‘எங்க வீட்டுப் பிள்ளை’ பார்த்த நம்ம பெரியவங்க, “இதுல என்னப்பா புதுசு?”ன்னு கேட்பாங்க. புதுமை கதையில் இல்லை. பண்டரிபுரமும், வாரி யாத்திரையும், அஜய்–அதுல் இசையும் சேர்ந்தபோது மராத்தியர்கள் இதைத் தங்கள் சொந்தப் படமாக எடுத்துக்கொண்டார்கள்.

எனக்குள்ள மனக்குறை வேறு. ‘மாவுலி’ என்றால் தாய். ஞானேஸ்வரரை அப்படித்தான் அழைப்பார்கள். ஆளந்தியிலிருந்து ஏறத்தாழ 3 வாரம் நடந்து பண்டரிபுரம் போகும் வார்க்கரிகள், எதிரே வருபவரையும் மாவுலி என்றே அழைத்து, ஒருவர் காலை ஒருவர் தொடுகிறார்கள். பணிவின் சொல் அது. படமோ அதை அடிக்கிறவனின் பெயராக்கிவிட்டது. 2018-இல் ‘மாவுலி’ என்ற பெயரிலேயே ரிதேஷ் போலீஸ்காரராக நடித்த இன்னொரு சண்டைப் படமும் வந்தது.

‘லய் பாரி’யை இயக்கியவர் 2020-இல் மறைந்த நிஷிகாந்த் காமத். 2005-இல் ‘டோம்பிவ்லி ஃபாஸ்ட்’ எடுத்தவரும், அதையே 2007-இல் மாதவனை வைத்துத் தமிழில் ‘எவனோ ஒருவன்’ ஆக்கியவரும் அவர்தான். அதிலும் நாயகன் ஊழலைக் கண்டு கை ஓங்குகிறான்; ஆனால் தனித்துப்போய் உயிரையும் இழக்கிறான். பார்த்தவர்கள் யோசித்தபடி வீடு திரும்பினோம். ‘லய் பாரி’யில் அடிக்கு சாமியின் ஆசியே கிடைத்துவிடுகிறது, யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை.

மாதுங்கா பஜனைகளில் அபங்கம் கேட்டவர்கள் நாம். நம்ம பிள்ளைங்க இந்தப் படத்தைப் பார்க்கட்டும், விசிலும் அடிக்கட்டும். ஆனா அந்தச் சொல்லுக்குத் தாய்னு அர்த்தம் என்பதை வீட்டில் யாராவது சொல்லித் தரணும்.