இரண்டு டாக்டர்களும் கிளம்பிப் போன இரவு

"எந்த டேட்டாபேஸாக இருந்தால் என்ன, எல்லாம் எஸ்க்யூஎல்தானே? நடுவில் ஓஆர்எம் இருக்கிறது, வேண்டுமானால் நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம்." டிசைன் மீட்டிங்குகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. எழுதும் முறை ஒன்றாக இருப்பதால் விடையும் ஒன்றாகவே வரும் என்று நம்புகிற, ஆபத்தான பேச்சு.

ரிலேஷனல் மாடலை முன்வைத்து 1970-இல் காட் எழுதிய கட்டுரையும் 1986-இல் வந்த எஸ்க்யூஎல்லின் முதல் தரநிலையும் வாசகர்கள் அறிந்தவை. மதிப்பு இல்லை அல்லது தெரியாது என்று குறிக்கும் நல் (NULL) வேண்டுமா என்று காடும் கிறிஸ் டேட்டும் நடத்திய நீண்ட விவாதமும் அப்படியே. அது தீரவே இல்லை. ஒவ்வொரு டேட்டாபேஸும் தன் போக்கில் போனது. காலி ஸ்ட்ரிங்கை ஆரக்கிள் நல் என்றே எடுத்துக்கொள்கிறது. இனிஷியலே இல்லாதவரும், இனிஷியல் என்னவென்று தெரியாதவரும் அங்கே ஒன்றுதான். யூனிக் போட்ட இடத்தில் எஸ்க்யூஎல் சர்வர் ஒரே ஒரு நல்லை விடும். போஸ்ட்கிரஸ் இயல்பாக எத்தனை வந்தாலும் ஏற்கும்.

வேறுபாடு நல்லோடு நிற்கவில்லை. 1, 2 ஆகிய முழு எண்களின் சராசரியைக் கேட்டால் போஸ்ட்கிரஸ் 1.5 என்கிறது, எஸ்க்யூஎல் சர்வர் 1 என்கிறது. குரூப் பையில் சேர்க்காத நெடுவரிசையை செலெக்டில் எழுதினால், மைஎஸ்க்யூஎல் வெகுகாலம் ஏதோ ஒரு ரோவின் மதிப்பை எடுத்துக் கொடுத்தது. 2015-இல் 5.7 வந்த பிறகுதான் அதன் இயல்பு அமைப்பிலேயே மறுக்கத் தொடங்கியது. அந்த மறுப்புதான் நேர்மை. தவறான விடையைவிட எரர் எவ்வளவோ மேல்.

ஆனால் பெரிய கேடு டிரான்சாக்‌ஷனில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இரவு ட்யூட்டிக்கு ஒரு டாக்டராவது இருந்தாக வேண்டும். இப்போது இருவர் இருக்கிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் லீவு போடுகிறார்கள். இரண்டு டிரான்சாக்‌ஷனும் எண்ணிப் பார்க்கின்றன, 2 என்று வருகிறது. ஒவ்வொன்றும் தன் டாக்டரை மட்டும் எடுத்துவிட்டு கமிட் செய்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக ஓடினாற்போன்ற விடையைத் தர வேண்டிய சீரியலைசபிளை ஆரக்கிளில் கேட்டு வாங்கினாலும் இரண்டும் கமிட் ஆகும், ட்யூட்டியில் யாருமில்லை. அதே பெயரில் மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி படித்த ரோக்களைப் பூட்டி வைக்கும். டெட்லாக் ஆகி ஒன்று ரோல்பேக் ஆகும். ஆரக்கிள் அந்தப் பெயரில் தருவது, தான் தொடங்கிய நேரத்து நிலையை மட்டும் பார்க்கும் ஸ்னாப்ஷாட் ஐசொலேஷன். அதுவும் உண்மையான சீரியலைசபிளும் வேறு வேறு என்பதை ஜிம் கிரே உள்ளிட்டோர் 1995-லேயே கட்டுரையாக எழுதிக் காட்டிவிட்டார்கள்.

போஸ்ட்கிரஸும் அதே தவறில்தான் இருந்தது. 2008-இல் மைக்கேல் கேஹிலும் உடன் எழுதியவர்களும் ஒரு வழி சொன்னார்கள்: படிப்பவரைப் பூட்டி நிறுத்த வேண்டாம், யார் எதைப் படித்தார், அதை யார் மாற்றினார் என்று கவனித்துவந்து, ஆபத்தான பின்னல் விழுந்தால் ஒன்றை மட்டும் ரத்து செய்தால் போதும். கெவின் கிரிட்னரும் டேன் போர்ட்ஸும் அதை 2011-இல் 9.1 பதிப்புக்குள் கொண்டுவந்தார்கள். தன் சொல்லுக்கு உண்மையாக நடந்துகொள்ள ஒரு டேட்டாபேஸ் தன்னையே திருத்திக்கொண்ட அருமையான வேலை அது. அதைப் பற்றிப் பேசுவார் குறைவு என்பதே என் வருத்தம்.

வேகம் போய்விடும் என்பார்கள். ஸ்னாப்ஷாட்டைவிடச் சற்றுத்தான் குறைகிறது என்று போர்ட்ஸும் கிரிட்னரும் 2012-இல் அளந்தே காட்டினார்கள். இருந்தும் போஸ்ட்கிரஸில்கூட இயல்பு அமைப்பு இன்னும் ரீட் கமிட்டெட்தான். அது சீரியலைசபிளாக மாற வேண்டும். நம் பக்கம் தேவைப்படுவது, மோதலால் ரத்தானதைச் சொல்லும் 40001 எரர் வந்தால் டிரான்சாக்‌ஷனை முதலிலிருந்து மறுபடி ஓட்டும் ஒரு சின்ன லூப்.