பிடி அரிசியின் கணக்கு

என் அம்மா உழக்கால் அரிசியை அளந்து பானையில் போட்டதும், களைவதற்கு முன் ஒரு பிடியைத் திரும்ப எடுப்பாள். அடுப்புக்கு மேலே பலகையில் ஒரு தகர டப்பா இருக்கும். அந்தப் பிடி அதற்குள் போகும். வீட்டில் ஏழு பேர். அளந்த அரிசி என்றைக்கும் ஏழு பேருக்குக் கொஞ்சம் குறைவுதான். ஆனாலும் பானையிலிருந்துதான் எடுப்பாள், மூட்டையிலிருந்து எடுக்கமாட்டாள். மூட்டையிலிருந்து எடுத்தால் அன்றைக்கு யாருக்கும் குறையாது. பானையிலிருந்து எடுத்தால் ஒருவருக்குக் குறையும். அந்த ஒருவர் பெரும்பாலும் அவளே.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் இதற்குப் பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர். வாரம் ஒருநாள் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஒருவர் பையும் நோட்டுமாக வருவார். டப்பாவைக் கவிழ்த்து, அளந்து, பெயருக்கு நேரே எழுதிக்கொண்டு போவார். மிசோரமில் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இல் தொடங்கிய ‘புஃபாய் தாம்’ என்ற வழக்கமும் இதுவேதான். இன்று அது ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் தரும் நிதியாக வளர்ந்திருக்கிறது. பெரிய மனிதர் எவரும் அள்ளிக் கொடுத்து வந்த வளர்ச்சி இல்லை. ஒரு பிடி நாற்பது கிராம் என்று வைத்தாலும், நாளுக்கு ஒரு வேளை உலை வைக்கிற வீடு மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் கொடுத்துவிடுகிறது. கையில் காசு புழங்காத பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய வழி என்பது காசு புழங்கும் கைகளுக்கு எளிதில் புரியாது.

இந்த வழக்கத்தின் முதல் பலம் பணம் அன்று, மானம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருநெல்வேலிச் சபை, லண்டனிலிருந்து வந்த மிஷன் பணத்தைப் பெரிதும் நம்பி நின்ற சபை. பனையேறிகளும் கூலிகளும் நிறைந்தது. வாங்குகிறவன் என்ற பெயர் ஒரு சமூகத்தின் முதுகை எப்படி வளைக்கும் என்பதை வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா நன்றாக அறிந்திருந்தார். 1902-இல் யாழ்ப்பாணம் போன அவர், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் திரட்டி ஊழியரை அனுப்புவதைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்தியரின் பணத்தில் இந்தியரே ஊழியராக, நிஜாம் ஆட்சியிலிருந்த தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போனார்கள். பின்னர் 1912-இல் அசரியா அங்கேயே பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர். வாங்கிய கை கொடுக்கும் கையானது. கொடுக்க ஒன்றுமில்லாதவர் யாருமில்லை என்று ஒரு ஏழைச் சமூகத்தை நம்பவைத்ததைச் சின்னக் காரியமாக என்னால் நினைக்க முடியவில்லை.

குறை எங்கே தொடங்குகிறது? அரிசி அடுக்களையை விட்டு வெளியே போகிற வாசலில்.

டப்பாவிலிருந்து பைக்கு, பையிலிருந்து கோயில் வராந்தாவிலுள்ள சாக்குக்கு, சாக்கிலிருந்து ஏலத்துக்கு. விலையானபின் அது சேகரக் கணக்கில் ஒரு தொகை. அந்தத் தொகையை எங்கே செலவிடுவது என்று பேசும் கமிட்டியில் நான் சிறுவனாகப் பார்த்தவரை என் அம்மாவைப்போல ஒருத்திகூட இல்லை. பிடி எடுக்கிற உரிமை பெண்ணுக்கு, முடிவெடுக்கிற உரிமை ஆணுக்கு என்று வெகுகாலம் நடந்தது. கொடுத்தவள் கேள்வி கேட்டால் விசுவாசம் குறைந்துபோனதாகப் பேசினார்கள். காணிக்கை கடவுளுக்கு, கணக்கு மனிதரிடம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் எத்தனையோ நேர்மையான கொடைகள் வீணாயிருக்கின்றன.

ஏழை விதவை போட்ட இரண்டு காசைப் பற்றிக் கேட்காத கிறிஸ்தவர் இருக்கமாட்டார். ஸ்தோத்திரப் பண்டிகை நெருங்கினால் எல்லாப் பிரசங்க பீடத்திலும் அவள்தான். ஆனால் பிரசங்கம் மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் 41-ஆம் வசனத்திலிருந்தே தொடங்கிவிடும். அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள்: விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகர்மேல் இயேசு கோபப்படுகிறார். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தில், அந்தத் தேவாலயமே இடிந்துபோகும் என்கிறார். நடுவில் நிற்கிறாள் இந்த விதவை, தன்னிடமிருந்த எல்லாவற்றையும் போட்டுவிட்டு. அவளைப் பாராட்டுகிற அதே மூச்சில், அவளை வெறுங்கையாய் வீட்டுக்கு அனுப்புகிற அமைப்பை அவர் குற்றஞ்சாட்டுகிறார் என்றுதான் நான் வாசிக்கிறேன். பாராட்டை மட்டும் வைத்துக்கொண்டு குற்றச்சாட்டை விட்டுவிட்டோம். இன்று அதற்கு மேலும் போய், கொடுத்தால் நூறு மடங்கு திரும்பும் என்று வட்டி பேசுகிற போதனை வந்துவிட்டது. அது ஏழையின் கொடையிலிருந்த மானத்தையே பறிக்கிறது. என் அம்மா ஒரு பிடி எடுத்தது நூறு பிடி வரும் என்பதற்காக இல்லை.

இன்னொரு குறை, எனக்கு அதிகம் வலிப்பது. தூரத்துக்குக் கொடுப்பது எளிது. தெலுங்கு நாட்டுத் தலித்துகளான மாலா, மாதிகா மக்களுக்காக அரிசி எடுத்துவைத்த ஊர்களிலேயே, பக்கத்துத் தெருத் தலித் குடும்பத்தில் கை நனைக்காத வீடுகளும் இருந்தன. ஒரே சபை, ஒரே பாத்திரத்து இராப்போஜனம். ஆனாலும் சாப்பாட்டு வேளையில் தெரு குறுக்கே வந்துவிடும். அசனம் என்ற சபை விருந்தன்று மட்டும் அண்டாச் சோறும் கறியும் எல்லாரையும் ஒரே பந்தியில் உட்காரவைக்கும். அந்த ஒரு நாளுக்காக அசனத்தை நான் மதிக்கிறேன். மற்ற நாட்களில் அரிசி ஆயிரம் மைல் போகும், ஆள் ஐம்பது அடி போகமாட்டார்.

காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதியும் பிடி அரிசித் திட்டம் சொன்னவர்தான். அதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: சேர்ந்த அரிசியை அந்தந்த வட்டாரக் கோயிலிலேயே சமைத்து, அந்தப் பகுதி ஏழைகளுக்கே கொடுக்க வேண்டும் என்றார். எடுத்த கைக்கும் உண்ட வாய்க்கும் நடுவில் ஏலம் இல்லை. இதை நம் சபைகள் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். அனுப்புவதை நிறுத்தச் சொல்லவில்லை, அனுப்பியதால்தான் நிமிர்ந்தோம். சேர்வதில் பாதி அந்தத் தெருவிலேயே தங்கட்டும்; அதை யாருக்குக் கொடுப்பது என்பதைப் பிடி எடுத்த பெண்களே கூடிப் பேசட்டும்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், பதநீர்க் காலத்தில், எங்கள் வீட்டுக்கு நாலாவது வீட்டு மாமா பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா பலகையிலிருந்து டப்பாவை இறக்கி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள். திரும்பும்போது டப்பா லேசாக இருந்தது. மறுநாள் சங்கத்து அக்கா நோட்டோடு வந்தாள்.

“என்ன மதினி, இந்த வாரம் ஒண்ணுமில்லியா?”

“இல்ல ட்டி. அடுத்த வாரம் பாப்போம்.”

அக்கா ஒரு நிமிஷம் அம்மா முகத்தைப் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து, அம்மாவின் பெயருக்கு நேரே அந்த வாரத்துக் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். கொடுக்காத வீடுகளுக்குப் போடுகிற அதே கோடு. மாதக் கடைசி ஞாயிறன்று கோயிலில் பட்டியல் வாசித்தபோது, எங்கள் வீட்டுக்கு மூன்று வாரம்தான் வந்தது. அம்மா தலையைக் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.