'தோணி'யும் சுகவீன விடுமுறையும்

மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' ஈழத்துச் சிறுகதைகளின் முன்வரிசையில் வைக்கத்தக்கது என்பதில் நமக்குக் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் அதன் உயிர்நாடியான ஏக்கத்துக்கு, தனக்கென ஒரு தோணி வேண்டுமென்று மீனவச் சிறுவன் ஒருவன் கொள்ளும் அந்த ஏக்கத்துக்கு, நாம் சரியான பொருள் கண்டோமா என்பது ஐயமே. உழைப்பாளி தானும் உடைமையாளனாக விரும்பும் சிற்றுடைமை மனப்பான்மை என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது பொருந்தாத் தீர்ப்பு என்பதே நமது கட்சி.

கடற்றொழில் பெரும்பாலும் பங்குத் தொழில். மீன் விற்ற பணத்தில் தோணிக்கும் வலைக்கும் பங்கு உண்டு. எஞ்சியது கடலுக்குப் போனவர்களுக்கு. காய்ச்சலில் கிடந்தவனுக்கு எதுவும் இல்லை. இதில் யாரும் அவனுக்கு அநீதி இழைத்ததாகக்கூடத் தோன்றாது. கடலுக்குப் போகாதவன் எப்படிப் பங்கு கேட்பான்? ஆனால் தோணிக்காரன் அதே நாளில் அதே காய்ச்சலில் படுத்திருந்தாலும் தோணி கடலுக்குப் போகிறது. அதன் பங்கு அவன் வீடு தேடி வருகிறது. சம்பளத்துடன் கூடிய சுகவீன விடுமுறை என்பது இதுவன்றி வேறென்ன? சிறுவன் ஏங்கியது அறிந்தோ அறியாமலோ இதற்குத்தான். இன்று இயந்திரம் பூட்டிய படகுகள் வந்துவிட்டன. எண்ணெய்ச் செலவும் முதலில் கழிகிறது. நோயாளியின் கணக்கு மட்டும் மாறவில்லை.

சட்டம் என்ன செய்தது? 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம், 14 நாள் ஆண்டு விடுமுறைக்குப் புறம்பாக, சொந்தக் காரியத்துக்கோ சுகவீனத்துக்கோ 7 நாள் சம்பளத்துடன் தந்தது. திருகோணமலையில் துணிக்கடையில் நிற்பவனுக்கு அது உரிமை. கொட்டியாரக் குடாவின் மறுகரையில் வலை இழுப்பவனுக்கு அச்சட்டத்தில் இடமில்லை. இந்தியாவில் 1948இல் வந்த ஊழியர் அரசுக் காப்பீடும் ஆலைத் தொழிலாளியிலிருந்தே தொடங்கிற்று. முதலாளி இன்னாரென்று சுட்ட முடிகிற இடத்தோடு சட்டம் நின்றுவிடுகிறது. 2017இல் அயலூரான கிண்ணியாவில் டெங்கு கடுமையாகப் பரவிற்று. ஓய்வு கொள் என்று அந்நோயாளிக்கு வைத்தியர் சொல்லும் அறிவுரைக்கு, நாட்கூலிக்காரன் வீட்டில் விலை உண்டு.

நமது முற்போக்குக் கதைகளில் ஏழை நோயுற்றால் பெரும்பாலும் இறந்துபோகிறான். சாவு கதாசிரியனுக்கு வசதியானது. பிழைத்து எழுந்து, நாலு நாள் பங்கை இழந்து, கடைக்காரனிடம் கடன் சொல்லி நிற்பவனை நாம் அரிதாகவே காண்கிறோம். எழுதுவோரில் பலர் ஆசிரியர்கள். காய்ச்சல் நமக்கு ஒரு வைத்தியச் சான்றிதழோடு முடிந்துவிடும் காரியம். இராசரத்தினமும் ஆசிரியரே. ஆயினும் கடற்கரையின் ஏக்கம் எதன்மேல் படிகிறது என்பதை அவர் பிழையின்றிக் கண்டார்.

நமக்குள்ள குறை வேறு. அச்சிறுவனுக்குத் தோணி கிடைத்துவிட்டதாகவே கொள்வோம். அதில் தண்டு வலிக்க இன்னொருவன் வருவான். அவனுக்கும் ஒருநாள் காய்ச்சல் வரும். அன்று மாலை பங்கு பிரிக்கும்போது புதிய தோணிக்காரன் என்ன செய்வான்? 'தோணி' அக்கேள்விக்கு இப்பால் நின்றுவிடுகிறது. பின்வந்த கதைகளும் அதைத் தாண்டிச் சென்றதாக நமக்குத் தெரியவில்லை.