யார் சொன்னது?

போன அரவைப் பருவம் முடிந்த ஒரு சாயங்காலம், அப்பா செல்போனை என்னிடம் நீட்டி, "நம்ம ஊருக்கு எப்படிப் பேரு வந்துச்சுன்னு இதுல கேளுடா" என்றார். கேள்வி கேட்டால் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றை அவர் போனில் நான்தான் போட்டுக் கொடுத்திருந்தேன். கேட்டேன். கச்சி என்பது காஞ்சிபுரத்தின் பழைய பெயர், அங்கிருந்து வந்த அரசர் ஒருவர் அமைத்த பாளையம் கச்சிராயபாளையம் என்று பத்து வரியில் பிழையில்லாத தமிழில் பதில் வந்தது. கூடவே, ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் இருப்பதாகவும் சொன்னது. நாங்கள் 2019 நவம்பரிலேயே கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆகிவிட்டோம்.

அப்பாவுக்குச் சந்தேகம். "இன்னொரு வாட்டி கேளு." இந்த முறை கச்சிராயர் என்ற பாளையக்காரரின் பெயரால் வந்தது என்றது. "ரெண்டுல எதுன்னு கேளு." மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இரண்டையும் சேர்த்து மூன்றாவதாக ஒரு கதை சொன்னது. அப்பா போனை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "சரி, இதெல்லாம் யாரு சொன்னது?"

என்னிடம் பதில் இல்லை. இயந்திரம் தப்புச் சொல்கிறது என்று எழுதிச் சிரிப்பது சுலபம், அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். அடுத்த வருடமே அந்தத் தப்பைத் திருத்தியும் விடுவார்கள். அப்பாவின் கேள்வி அதைத் தாண்டியது. பதில் சரியாகவே இருந்தாலும் 'யார் சொன்னது' என்று கேட்க ஓர் இடம் வேண்டுமில்லையா? இணையத்தில் அந்த இடம் இருந்தது. இப்போது அது மெல்லக் காணாமல் போகிறது.

*

1989இல் ஜெனிவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ வலையைப் பற்றிய முதல் திட்டத்தை எழுதியபோது, அதன் மையத்தில் இருந்தது இணைப்பு. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைக் கைகாட்டும். இதைச் சொன்னவர் அங்கே இருக்கிறார், போய்ப் பார்த்துக்கொள். அதே ஏரிக்கரையில் இன்னும் கொஞ்சம் தள்ளியிருக்கும் லோசான் நகரத்திலிருந்துதான், 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். தமிழ் நூல்களை மின்னூலாக்கி இலவசமாகக் கொடுக்கும் தன்னார்வ வேலை. எந்த எழுத்துருவில் அடித்தால் எந்தக் கணினியில் தெரியும் என்பதே உறுதியில்லாத காலம் அது. ஒருவர் அடித்து அனுப்பிய பாசுரம் இன்னொருவர் திரையில் புரியாத குறிகளாகத் திறக்கும். டிஸ்கி, டாப், டாம் என்று குறியேற்றச் சண்டைகளெல்லாம் ஓய்ந்து யூனிகோடு வந்து சேரப் பல வருடங்கள் ஆயின.

எனக்கு அந்த மின்னூல்களில் பிடித்தது முதல் பக்கம். தட்டச்சு செய்தவர், பிழை பார்த்தவர், மூலம் கொடுத்தவர் என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். உலகத்தின் வேறு வேறு மூலைகளில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, ராத்திரி உட்கார்ந்து நம் பழைய நூல்களை எழுத்தெழுத்தாக அடித்தவர்கள். யார் சொன்னது என்ற கேள்விக்கு அந்தப் பக்கமே பதில்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இதை இன்னொரு படி மேலே கொண்டுபோனது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரலாற்றுப் பக்கம், ஓர் உரையாடல் பக்கம். எந்த வரியை எந்தப் பயனர் எப்போது சேர்த்தார், யார் நீக்கினார், அதற்கு என்ன சண்டை நடந்தது என்பதெல்லாம் அங்கே இருக்கும். தப்பு இருந்தால் அது யாரோ ஒருவர் செய்த தப்பு, அவரோடு வாதாடலாம்.

தேடுபொறி வந்தபிறகும் நாம் போய்ச் சேர்ந்தது ஏதோ ஒருவருடைய பக்கத்துக்குத்தான். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. 2024இல் கூகுள் தன் தேடல் முடிவுகளுக்கு மேலேயே ஏஐ சுருக்கத்தை வைத்தது. முதலில் அமெரிக்காவில், அதே வருடம் இந்தியாவிலும். ஓரத்தில் சின்னதாக மூல இணைப்புகளைக் காட்டுகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பதிலே கைக்கு வந்தபிறகு யார் அதை அழுத்திப் போய்ப் பார்க்கிறார்கள்? நானே பார்ப்பதில்லை. செய்தித்தளங்கள் விளம்பர வருமானம் போகிறதே என்று கவலைப்படுகின்றன, நியாயம்தான். எங்கள் ஊர் மாதிரி ஊருக்கு வருமானப் பிரச்சினை இல்லை, இழக்க ஒரு தளமே கிடையாது. எங்களுக்குப் போவது வேறொன்று.

*

என்ன போகிறது என்று பார்க்க, எங்கள் வட்டாரத்தைப் பற்றி அந்த இயந்திரம் எதைப் படித்திருக்கும் என்று நானே உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். மூன்று குரல்கள் கிடைத்தன.

முதலாவது பட்டியலின் குரல். தமிழ்நாட்டின் ஆயிரக்கணக்கான ஊராட்சிகளுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைகள் உண்டு. ஊரக வளர்ச்சித் துறையின் 2015ஆம் ஆண்டுத் தரவைக்கொண்டு ஒரே அச்சில் வார்த்தவை. எந்த ஊராட்சியைத் திறந்தாலும் எந்த ஒன்றியம், எந்தத் தொகுதி, எத்தனை குடிநீர் இணைப்பு, எத்தனை கைக்குழாய், எத்தனை மேல்நிலைத் தொட்டி, எத்தனை சுடுகாடு. கடைசியில் சிற்றூர்களின் பெயர்கள். இதை இளக்காரமாகச் சொல்லவில்லை. நம் ஊர்ப் பெயரைத் தமிழில் தேடினால் ஏதாவது ஒன்றாவது வரவேண்டும் என்று நினைத்துச் செய்த பெரிய வேலை அது. ஆனாலும் ஓர் இலக்கிய வாசகனாகப் படித்தால், ஊர்களுக்கிடையே எண்ணிக்கையைத் தவிர வேறு வித்தியாசமே இல்லாத ஒரு தமிழ்நாடு அதில் தெரிகிறது.

இரண்டாவது சுற்றுலாவின் குரல். கோமுகி அணை, பெரியார் அருவி, மேகம் அருவி, கண்ணுக்குக் குளிர்ச்சி, குடும்பத்தோடு செல்ல ஏற்ற இடம். கோமுகித் தண்ணீர் எந்த வாய்க்காலில் யாருக்கு எத்தனை நாள் வரும் என்ற கவலை அந்தக் குரலுக்குக் கிடையாது.

மூன்றாவது குற்றத்தின் குரல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன்பிறகு கல்வராயன் மலை என்றாலே இணையத்தில் சாராய ஊறல்தான். அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகள் 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தவர்கள். சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்துத் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. இதுவும் செய்திகளில் இருக்கிறது. ஆனால் நூறு சாராயச் செய்திக்கு இப்படி ஒன்று. இயந்திரம் எண்ணிக்கையிலிருந்து கற்கிறது. எது அதிகம் எழுதப்பட்டதோ அதுவே அதற்கு மலை.

இந்த மூன்று குரல்களையும் குழைத்து, ஓரம் தெரியாமல் பூசி, ஒரே குரலாக நமக்குத் தருகிறது பதில் இயந்திரம். தனித்தனியாக இருந்தபோது இது அரசுத் தரவு, இது விளம்பரம், இது போலீஸ் சொன்னது என்று நம்மால் பிரித்துக்கொள்ள முடிந்தது. இப்போது பேசுபவர் யாருமில்லாத பேச்சு வருகிறது. 'ஊரில் சொல்கிறார்கள்' என்பதில் கூட ஊர் என்று ஒன்று இருக்கும். இதில் அதுவும் இல்லை.

*

ஒரு நியாயத்தையும் சொல்லிவிடணும். இதே செயலிதான் பட்டா பெயர் மாற்றத்துக்கு அப்பாவுக்கு மனு எழுதிக் கொடுத்தது. மனு எழுத ஆளைத் தேடிப்போய்க் காசு கொடுத்து, அவர் எழுதும்வரை கைகட்டி நின்ற காலம் எனக்கு நினைவிருக்கிறது. அந்த மரியாதைக் குறைவு இப்போது இல்லை. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. கேள்வி கேட்டால் அலட்டிக்கொள்ளாமல் பதில் சொல்லும் ஒன்று எங்கள் மாதிரி ஆட்களுக்கு இதுவரை கிடைத்ததில்லை.

அதனால் குற்றத்தை இயந்திரத்தின் தலையில் மட்டும் கட்ட எனக்கு மனசு வரவில்லை. அது நேர்மையான வாசகன், இருப்பதையெல்லாம் படித்தது. எழுதாததை எப்படிப் படிக்கும்?

கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி கொண்டுவந்தார். எங்கள் பக்கம் விருத்தாசலத்தில், அரசுப் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதியைத் தொகுத்தார். எந்தப் பல்கலைக்கழகத் துறையும் இல்லாமல், நட்டு போல்ட்டுக்கு நடுவே ஒரு மனிதர் செய்த காரியம். அதைப் புரட்டும்போது வேறொன்று புரிந்தது. ஓர் ஊரைப் பற்றிய தகவல் அதன் சொற்களில்தான் இருக்கிறது. புத்தகம் மறுதாம்பு என்று எழுதுவதை அப்பா கட்டைக் கரும்பு என்பார். கரணை, சோகை என்று அவர் பேசும்போது அறுபது வருட வேலை அதில் இருக்கும். கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது என்று இணையம் சொல்லும். அரவை நாட்களில் ஊர்க்காற்றில் என்ன வாசம் வரும், கரும்பு வண்டிகள் ராத்திரி எங்கே வரிசைகட்டி நிற்கும், அங்கே என்ன கதை பேசுவார்கள் என்று எங்கேயும் இல்லை.

இங்கே நம்மையும் கொஞ்சம் திட்டிக்கொள்ள வேண்டும். இணைய இதழ்களில் முரகாமி பற்றியும் போலான்யோ பற்றியும் ஐயாயிரம் வார்த்தை எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன், வெட்கப்படவில்லை. ஆனால் நாம் பிறந்த ஊரைப் பற்றி ஐந்நூறு வார்த்தை? சிறுகதையில் ஊரை வைப்போம், பெயரை மாற்றிவிடுவோம். பெயர் சொல்லி, தேதி சொல்லி, இவர் சொன்னார் என்று சொல்லி எழுத நமக்குக் கூச்சம். அது பாடநூல் வேலை, இலக்கியம் கிடையாது என்று ஒரு நினைப்பு. அந்தக் காலி இடத்தில்தான் பட்டியலும் அருவியும் சாராயமும் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

எழுதினால் அதையும் இயந்திரம் விழுங்கிவிடாதா, பெயரை உதிர்த்துவிட்டு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். எடுத்துக்கொள்ளும். அதற்குச் சட்டமும் ஊதியமும் வேண்டும் என்ற சண்டை உலகம் முழுக்க நடக்கிறது, நடக்கவும் வேண்டும். ஆனால் எடுத்துக்கொள்ளும் என்று பயந்து எழுதாமல் விட்டால், திரும்பிப் போய்ச் சரிபார்க்க ஒரு மூலமே இருக்காது. சந்தேகப்பட்டவனுக்கு ஒரு கதவாவது திறந்திருக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அப்பா சொல்வதை விக்கிப்பீடியாவில் ஏற்ற முடியாது, ஏற்கெனவே வெளியான மேற்கோள் கேட்பார்கள். முன்பு எனக்கு அந்த விதி மேல் எரிச்சல். இப்போது மரியாதை வருகிறது. அப்பாவின் கேள்வியைத்தான் அவர்களும் கேட்கிறார்கள். அப்படியானால் அப்பாவை மேற்கோளாக்கும் வேலை என்னுடையது.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும் சொன்னவர், இடம், தேதி. முதல் பதிவு ஊர்ப்பெயர். அப்பா ஒரு கதை சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா, "உங்கொப்பனுக்கு என்னடா தெரியும்" என்று வேறொரு கதை சொன்னார். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். நான் இரண்டையும் எழுதிக்கொண்டேன், அவரவர் பெயர் போட்டு.