ஆணியின் தடிமனும் சட்டத்தின் பிடிப்பும்

அமெரிக்க வீடுகளின் உட்சுவர் பெரும்பாலும் 16 அங்குல இடைவெளியில் நிறுத்தப்பட்ட மரத்தூண்களின் மேல் அரை அங்குல ஜிப்சம் பலகையை அறைந்து எழுப்பப்படுவது. கதவு நிலையைச் சுற்றியும் தரையோரமாகவும் ஓடும் அலங்காரச் சட்டங்கள், ஆணியைப் பிடிக்கும் வலுவில்லாத அந்தப் பலகையைக் கடந்து, பின்னால் மறைந்திருக்கும் தூணைப் பற்றினால்தான் நிற்கும். இந்த வேலைக்கு எந்த ஆணித்துப்பாக்கி ஏற்றது என்ற கேள்விக்கு, ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் 16 கேஜ் போதும் என்பதே தச்சர்களிடையே வழக்கமாகக் கிடைக்கும் விடை. அது நியாயமற்ற விடையன்று. ஆனால் முழுமையானதும் அன்று.

கேஜ் என்பது கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண். எண் கூடக்கூட ஆணி மெலியும். 15 கேஜ் ஆணி ஏறத்தாழ 1.8 மி.மீ., 16 கேஜ் 1.6 மி.மீ., 18 கேஜ் 1.2 மி.மீ. தடிமன் கொண்டவை. 23 கேஜ் ஊசி ஆணி 0.6 மி.மீ. மட்டுமே என்பதால், பசை காயும்வரை சிறு துண்டுகளை நகராமல் நிறுத்துவதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்க இயலாது.

16 கேஜின் வலிமை அதன் நீளத்தில் இருக்கிறது. 17 மி.மீ. கனமுள்ள சட்டத்தையும் 13 மி.மீ. ஜிப்சம் பலகையையும் கடக்கவே ஆணியில் 30 மி.மீ. செலவாகிவிடுகிறது. 18 கேஜில் வழக்கமாகக் கிடைக்கும் மிக நீண்ட ஆணி 2 அங்குலத்தை ஒட்டியே இருப்பதால், தூணுக்குள் இறங்குவது 20 மி.மீ. அளவே; இரண்டரை அங்குல 16 கேஜ் ஆணியோ 33 மி.மீ. இறங்குகிறது. தரையோரச் சட்டத்துக்கு இந்த வேறுபாடே போதிய காரணம்.

குறை தெரிவது கதவோரத்தில். நிலைப்பலகையின் விளிம்பு 19 மி.மீ. அகலம், அதில் 5 மி.மீ. கண்ணுக்குத் தெரியும்படி விட்டுத்தான் சட்டம் பொருத்தப்படுகிறது. ஆகவே எஞ்சிய 14 மி.மீ. அகலத்துக்குள், அதுவும் சட்டம் மிக மெலிந்திருக்கும் ஓரத்தின் வழியாக, ஆணி நேராக இறங்கியாக வேண்டும். அங்கே 16 கேஜ் ஆணி மரத்தைப் பிளக்கக்கூடும்; எம்.டி.எஃப். பலகையாக இருந்தால் துளையைச் சுற்றிப் பரப்பு புடைத்து எழும், அதைத் தேய்த்துப் பட்டி பார்த்தாலும் வண்ணத்தின் அடியில் தழும்பு தெரியும். 18 கேஜ் ஆணி இந்த இடத்துக்கென்றே பிறந்தது போல் அமைகிறது.

மறுபுறம், திண்மையான கனத்த கதவைத் தாங்கும் நிலையை நிறுத்துவதற்கு 16 கேஜைவிட 15 கேஜே நம்பத்தக்கது. அதன் ஆணிப்பெட்டி சாய்வாக அமைந்திருப்பதால், நேர்ப்பெட்டி கொண்ட பெரும்பாலான 16 கேஜ் துப்பாக்கிகள் சுவரில் இடித்துக்கொள்ளும் மூலைகளிலும் அதன் மூக்கு எட்டுகிறது. ஆக, 16 கேஜ் இரு பக்கமும் பாதி நிறைவையே தருகிறது. தொழிலாகச் செய்வோருக்கு 15 கேஜும் 18 கேஜும் சேர்ந்த இணையே சரியான தேர்வு. ஓர் அறையை மட்டும் சீர்செய்யும் வீட்டுக்காரருக்கே ஒற்றைத் துப்பாக்கி அறிவுரை பொருந்தும்.

ஆற்றல் எதிலிருந்து வருகிறது என்பதும் சிறிய செய்தியன்று. காற்றழுத்தத் துப்பாக்கி 2 கிலோ அளவில் இலகுவாக இருந்தாலும் கம்ப்ரெஸரையும் குழாயையும் இழுத்துக்கொண்டே அலைய வேண்டும். பேட்டரித் துப்பாக்கி அந்தத் தொல்லையை நீக்கிவிட்டு, 3 கிலோவை ஒட்டிய எடையைத் தோளில் ஏற்றுகிறது. கூரையோரச் சட்டத்தை ஏணிமேல் நின்று நாள் முழுதும் அறைபவருக்கு அந்த ஒரு கிலோ பெரிது.

மெலிந்த ஆணிக்கு இன்னொரு குணமும் உண்டு. உளி போன்ற அதன் முனை மரத்தின் கடினமான ரேகையில் மோதினால், ஆணி ரேகையின் போக்கிலேயே வளைந்து சட்டத்தின் பக்கவாட்டில் வெளிவந்துவிடுகிறது. சட்டத்தைப் பிடித்திருக்கும் கை, ஆணியின் நீளத்தைவிடக் கூடுதலான தொலைவில் இல்லையெனில் அது விரலுக்குள்தான் இறங்கும்.