ஆசான் தந்த சொல்

விடைபெறும் மாணவன் ஆசானின் அறிவுரையை மீறிச் செல்லலாம். கற்ற பாடமோ அவனைத் தொடர்ந்தே வரும். போலந்து நாட்டு நாடக ஆசான் மியேச்சிஸ்வாவ் கோட்லார்ச்சிக் 1941-இல், நாசிப் படையின் பிடியிலிருந்த கிராக்கோவ் நகரில், மறைவாக நாடகக் குழு நடத்தினார். வீட்டுக் கூடமே அரங்கு, காட்சியமைப்பு சொற்பம், சொல்லே அனைத்தும். 1942-இல் மாணவர் கரோல் வொய்த்திவா குருத்துவத்தைத் தெரிந்துகொண்டபோது, மேடையைத் துறக்க வேண்டாமென அவர் தடுத்தார். மாணவர் இணங்கவில்லை. அவரே பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல்.

ஆயினும், புனைபெயரில் 1960-இல் அவர் வெளியிட்ட 'பொற்கொல்லரின் கடை' நாடகத்தில் ஆசானின் பயிற்சியே பேசுகிறது. திருமண அன்பை ஆராயும் இந்நாடகத்தில் தனிமொழிகள் மிகுதி, நிகழ்ச்சிகள் குறைவு. காண வருவோர்க்கு இது சோர்வு தரலாம், குறையென்றே சொல்வோம். ஆனால், மணவாழ்வில் கசந்த அன்னா தன் மோதிரத்தை விற்க முயலும்போது, தராசு அதற்கு எடையே காட்டுவதில்லை. துணையின் மோதிரமின்றி ஒற்றை மோதிரத்துக்கு எடை ஏது? திருவருட்சாதனம் பற்றிய நெடிய மறையுரை செய்யாததை இந்த ஒரு காட்சி செய்துவிடுகிறது. அதையும் அன்னாவின் சொல்வழியே காண்கிறோம்.

1975-இல் வெளிவந்த கோட்லார்ச்சிக்கின் நாடகக்கலை நூலுக்கு முன்னுரை வழங்கியவர், அன்று கர்தினாலாயிருந்த அதே மாணவர். மேடையைத் துறந்தவர், சொல்லைத் துறக்கவில்லை.