இசைவிப்பவர் யார்? வானொலிக் கலைச்சொல்லொன்று பற்றிய திறனாய்வு நோக்கு

வானொலிப் பொறியியலில் இன்று பெரிதும் பேசப்படும் பொருள்களுள் ஒன்று, இயங்கிக்கொண்டிருக்கும்போதே தம் மீடிறனை மாற்றவல்ல உறுப்புகள் பற்றியதாகும். வடிகட்டி, அலையி, அன்ரனாப் பொருத்தி ஆகியவற்றை ஒவ்வோர் அலைவரிசைக்கும் தனித்தனியே அமைப்பதை விடுத்து, ஒன்றையே பலவற்றுக்கும் பயன்படுத்துதல் இம்முயற்சியின் நோக்கம். இவ்வுறுப்புகளைத் தமிழிற் கூறப் புகுவோர்க்கு ‘தகவமையும்’ என்னும் அடைமொழி எளிதில் வந்து வாய்க்கின்றது. அது பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

தகவமைதல் உயிரியல் தந்த வழக்கு. வறண்ட நிலத்துச் செடி தன் இலையைச் சிறுக்கவைத்துக்கொள்ளும்போது, செய்வதும் செய்யப்படுவதும் ஒன்றே. வானொலி உறுப்பின் இயல்போ வேறு. சுருளும் கொள்ளளவியும் சேர்ந்த சுற்றொன்றின் பரிவு மீடிறன், அவ்விரண்டன் பெறுமானங்களின் பெருக்கத்தது வர்க்கமூலத்துக்கு நேர்மாறு விகிதமுடையது. ஆகவே மத்திய அலையில் ஏறத்தாழ 530 கிலோஹேட்ஸிலிருந்து 1600 கிலோஹேட்ஸ் வரை, அதாவது மூன்று மடங்கு, செல்வதாயின் கொள்ளளவம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைதல் வேண்டும். பழைய வானொலியில் இதனைச் செய்தது குமிழ். அதனைத் திருப்ப, ஒன்றினுள் ஒன்று நுழைந்து நின்ற உலோகத் தகடுகள் விலகும்.

இன்று இதனைச் செய்வது ஒரு கட்டுப்பாட்டு வோல்ற்றளவு. பின்முகக் கோடலுற்ற இருவாயியில் அவ்வோல்ற்றளவு ஏற, சந்தியின் இருபுறத்து வறிதாக்கற் படை அகன்று கொள்ளளவம் குறையும். பேரியம் ஸ்ரொன்சியம் தைத்தனேற்றுப் படலத்தில் மின்புலம் ஏற, அனுமதித்திறன் தாழும். நுண்பொறி ஆளியிலோ மெல்லிய உலோகப் பாலமொன்று வளைந்து இறங்கும். மூன்றிலும் உறுப்பு எதனையும் தீர்மானிப்பதில்லை. வோல்ற்றளவை அனுப்பும் செய்நிரலே தீர்மானிக்கின்றது. அந்நிரலை வகுத்தவர் வேறெங்கோ இருக்கின்றார்.

தமிழ் இலக்கணம் கருத்தாவை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா எனப் பிரித்துக் காணும். அரசன் கோயில் கட்டினான் என்பதிலும் தச்சன் கோயில் கட்டினான் என்பதிலும் வினை ஒன்றாயினும் வினைமுதல் ஒன்றன்று. இப்பிரிவு இவ்விடயத்துக்கு வியக்கத்தக்கவாறு பொருந்துகின்றது. கையடக்கத் தொலைபேசியில் இயற்றுவது உறுப்பு. எந்த அலைவரிசையில், எக்கோபுரத்தோடு பேசவேண்டும் என ஏவுவது பெரும்பாலும் வலையமைப்பு. ‘தகவமையும்’ என்ற தன்வினைச் சொல் இவ்வேவுதலை மறைத்துவிடுகின்றது.

ஏவுதலும் இயற்றுதலும் ஒருவரிடத்தே நின்ற காலத்தை அறிய வன்னிப் பெருநிலப்பரப்புக்கு வரலாம். 1990 இல் போர் மீண்டும் மூண்டதன் பின், 2002 இன் தொடக்கம் வரை, அங்கே பற்றறிகள் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மக்கள் துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோ மின்னில் வானொலி கேட்டனர். ஒருவர் மிதிக்க மற்றொருவர் குமிழைத் திருப்புவார். கொழும்பிலிருந்து இலங்கை வானொலி, வன்னியிலிருந்து புலிகளின் குரல், மணிலாவிலிருந்து வெரித்தாஸ், இலண்டனிலிருந்து பிபிசி தமிழோசை என ஒரே நிகழ்ச்சி பற்றிய வெவ்வேறு கூற்றுகளை அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க அக்குமிழ் இடந்தந்தது.

மிதிப்பு தளர்ந்தால் வோல்ற்றளவு தாழும். அதனோடு அலையியின் திரான்சிற்றர்ச் சந்திக் கொள்ளளவமும் மாறும். சிற்றலை நிலையம் இடம்பெயரும். திருப்புபவரின் கை அதனைத் தேடிப் பிடிக்கும். அன்று குறையாயிருந்த இவ்விளைவையே குணமாக்கிக்கொண்டதுதான் மாறுகொள்ளளவ இருவாயி!

இவ்வாறு கூறுவதால் குமிழைப் போற்றிப் பாடுவதாகக் கொள்ளற்க. 900, 1800, 2100 மெகாஹேட்ஸ் வரிசைகளிடையே கணத்தில் தாவுதல் எந்தக் கைக்கும் இயலாது. வாராத அலையைக் குமிழும் தாராது: கிளிநொச்சியிலிருந்த புலிகளின் குரல் நிலையம் 2007 நவம்பர் 27 இல் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று, தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலில் நின்றது. புதிய உறுப்புகளுக்கும் குறைகள் உள. நுண்ணலையில் இருவாயியின் தடை வலுவை விழுங்கும். வலிய அயலலையொன்று தானே கொள்ளளவத்தை அசைத்துப் போலி அலைகளைப் பிறப்பிக்கும்.

ஆங்கில வழக்கும் இம்மயக்கத்துக்கு விலக்கன்று. மென்பொருள் வானொலி என்னும் கருத்தை 1990களின் தொடக்கத்தில் முன்வைத்த ஜோசப் மிற்றோலா, 1999 இல் அதனை ‘அறிகை வானொலி’ என வளர்த்தார். பயன்படுத்துவோரின் தேவையை உணர்ந்து அவர்பொருட்டு இயங்கும் கருவியே அவர் கண்டது. நடைமுறையிற் பெருகியதோ வலையமைப்பின் வசதிக்கு இசையும் கருவி. பெயர் முன்னதற்கு உரியது, பொருள் பின்னது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பரிவு, மீடிறன், கொள்ளளவம் என்பவற்றைப் பள்ளியில் தமிழிற் கற்று, ஆங்கிலத்திற் பொறியியல் பயிலவரும் மாணவர், கருவி தானே அறிந்து மாறுகின்றது என்ற எண்ணத்தைச் சொல் வாயிலாகப் பெறுதல் நன்றன்று. ‘இசைவிக்கத்தக்க உறுப்பு’ என்பது சற்றே நீண்டதாயினும் பிறவினை. இசைவிப்பவர் யார் என்ற வினாவை அது உடனே எழுப்பும். இசைதல் என்பதற்கு உடன்படுதல் என்னும் பொருளும் உண்டு என்பது தற்செயலான நயம்.

ஓரிடத்து மட்டும் தகவமைதலை அனுமதிக்கலாம் எனத் தோன்றுகின்றது. தொலைபேசியைப் பற்றிய கை அன்ரனாவை மூடும்போது அதன் பரிவு பிறழும். பொருத்தி, தெறித்து மீளும் வலுவை அளந்து கொள்ளளவத்தைத் திருத்திக்கொள்ளும். அங்கே ஏவுவது பிடித்திருப்பவரின் கையே. அவர் அதனை அறியார்.